பின்சக்கரத்துக்கு எவ்வளவு காற்று

இன்று காலை, வண்டி இடத்தை விட்டு அசைவதற்கு முன்பு, உன் காரின் நான்கு சக்கரங்களிலும் காற்று முப்பத்து நான்கு இருந்தது. இதைச் சொன்னவள் உன் மனைவி ஸ்ராவணி. வாயால் மட்டும் சொல்லவில்லை. திருப்பதியில் உங்கள் வீட்டு வாசலில் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரத்திலும் காற்று அளக்கும் மானியை வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். பின் இடது சக்கரத்தின் படம் கலங்கலாக இருந்ததால் மறுபடி எடுக்கச் சொன்னேன். "மாமய்யா, மீரு மாரரு" என்று எழுதிவிட்டு எடுத்து அனுப்பினாள். நீங்கள் மாறவே மாட்டீர்கள் என்று திட்டுகிறாள். நீ அந்த நேரம் கம்பெனி பஸ்ஸில் சூளூர்பேட்டைப் பக்கம் தூங்கிக்கொண்டு போயிருப்பாய். ஆகவே உனக்குத் தெரியாத, ஆனால் உறுதியான செய்தி இது: நீ தொட மாட்டேன் என்று நிறுத்தி வைத்திருக்கும் வண்டி ஓடுவதற்குத் தயாராக இருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டி என்ற சொல் வந்தாலே "சரி நைனா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் படித்துத்தான் ஆக வேண்டும். எனக்கு இன்னும் இடம் கொடுக்கும் பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். உன்னைப் போல் சக்கரம் மாற்றியவர்கள் திருப்பதியிலும் சித்தூரிலும் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். உன் பெயரை எழுதவில்லை. உன் அம்மாவின் முதுகைப் பற்றி எழுதுவதற்கு அவளிடமே அனுமதி கேட்டேன். "எழுதுங்க, ஊர்ல யாருக்குத் தெரியாது" என்றாள்.

உன் கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அந்தச் சக்கரங்களைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாய். கம்பெனிக்காரன் கொடுத்த பதினைந்து அங்குல இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பதினாறு அங்குல அலாய் சக்கரம், கறுப்பும் வெள்ளியும் கலந்தது, அதற்கேற்ற அகலமான டயர். உன் அம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "வண்டிக்குக் கொலுசு போட்டுட்டான்" என்றாள். நீ சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. சின்ன வயதில் நோட்டுப் புத்தகத்தில் கார் வரைவாய். உடம்பை இரண்டு கோட்டில் முடித்துவிட்டு, சக்கரத்துக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாய். ஆகவே அது திடீரென்று வந்த ஆசை இல்லை. அந்தச் சக்கரங்களில்தான் ஸ்ராவணியைக் கூட்டிக்கொண்டு வந்தாய். பழைய நான்கும் இன்னும் நம் மாடியில், சாக்குப் போட்டு மூடியபடி இருக்கின்றன.

ஆடி மாதம் அம்மாவுக்குத் திருப்பதியில் முதுகுத்தண்டு ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பிய நாள் காலை, ஆஸ்பத்திரி வாசலில் நீ ஒவ்வொரு சக்கரமாக உட்கார்ந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தாய். ஏன் என்று கேட்டேன். இந்த டயர் பக்கவாட்டில் மெல்லிசு, இரும்பு மாதிரி இருக்கும், இருபத்தாறு வைத்தால் மெத்தென்று இருக்கும் என்று வேலை செய்யும் இடத்தில் நண்பன் சொன்னதாகச் சொன்னாய். "அம்மாவுக்கு ஒரு குலுக்கல் தெரியக்கூடாது நைனா" என்றாய். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. நானும் தலையாட்டினேன். அம்மாவைப் பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே சாய்த்துப் படுக்க வைத்தோம். ஸ்ராவணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சந்திரகிரி தாண்டும் வரை நண்பன் சொன்னது சரி போலத்தான் இருந்தது. "பஞ்சு மேல போற மாதிரி இருக்குதுடா" என்றாள் அம்மா. உன் முகம் கண்ணாடியில் மலர்ந்ததைப் பார்த்தேன். பூதலப்பட்டு தாண்டியதும் வண்டி திருப்பங்களில் கொஞ்சம் மிதப்பது போல இருந்தது. நீயும் அதைக் கவனித்து வேகத்தைக் குறைத்தாய். அப்புறம் காணிப்பாக்கம் பிரிவைத் தாண்டி, சித்தூருக்குள் போக சர்வீஸ் ரோட்டில் இறங்கினோம். அங்கே வெள்ளைக் கோடு அழிந்துபோன ஸ்பீடு பிரேக்கர் ஒன்று. நீ வேகமாகப் போகவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்லுவேன். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் இறங்கும்போது மட்டும் ரப்பர் இறங்கிய சத்தம் வரவில்லை. ரிம் தரையில் அடித்த சத்தம் வந்தது. அம்மா "நைனா" என்று ஒரே ஒரு முறை கத்தினாள், அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டது அது. பிறகு வீடு வரும் வரை ஸ்ராவணியின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அதற்கு அடுத்த சில நாட்கள் அவளால் உட்கார முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்தோம். ஆபரேஷன் செய்த இடத்துக்கு எந்தச் சேதமும் இல்லை, அதிர்ச்சியில் தசை பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். வலியும் இறங்கிவிட்டது. ஆனால் அந்த நாட்களில் ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு சுசீலா பார்க்க வந்தபோது, "இனிமே நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்" என்று அம்மா சொன்னாள். நீ சமையலறையில் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாய். டம்ளரை வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. அன்று சாயங்காலம் திருப்பதிக்குப் போனவன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்தாய். வண்டி சர்வீஸில் இருக்கிறது என்றாய். அதற்கடுத்த ஞாயிறும் பஸ். பிறகு ஒரு நாள், மாடியில் இருக்கும் பழைய சக்கரங்களைத் துடைத்து வை நைனா, அலாயை விற்றுவிடப் போகிறேன், எப்படியும் அம்மாவை இனி நான் ஓட்டிக்கொண்டு போகப் போவதில்லை என்றாய்.

சக்கரங்களை விற்பது உன் விருப்பம். அம்மாவை ஓட்டிக்கொண்டு போகப் போவதில்லை என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஒவ்வொரு புரட்டாசியிலும் அம்மா அலிபிரியிலிருந்து திருப்பதி மலைக்குப் படியேறிப் போவாள் என்பது உனக்குத் தெரியும். நீ வயிற்றில் இருந்த வருடம் மட்டும்தான் ஏறவில்லை. இந்த வருடம் படியில் கால் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலைப் பஸ்ஸில் கூட்டத்தோடு அந்த வளைவுகளில் போக அவள் முதுகு இடம் கொடுக்காது. அப்படியென்றால் கார், இல்லையென்றால் இந்த வருடம் மலை இல்லை.

விஷயத்தை முதலில் எடுத்தவள் ஸ்ராவணி. நீ தொடாத வண்டியில் அவள் ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் போன் செய்து, காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எது நிஜம் என்று கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இருந்தது. அவள் மட்டும் வண்டியில் சித்தூர் வந்தாள். வந்ததும் நான் நான்கு டயர்களையும் வெளியேயும் உள்ளேயும் கையால் தடவிப் பார்த்தேன். பின் இடது டயரின் உள்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்குப் புடைத்திருந்தது. அன்று ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி உள்ளே நூல் அறுந்த இடம் அது. எந்த நேரமும் வெடித்திருக்கலாம். அதோடுதான் அவள் போய்வந்துகொண்டிருந்தாள். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாகக் கடைக்குப் போய் அதே அளவில் புது டயர் போட்டோம். ரிம்மைச் சுழற்றிப் பார்த்தார்கள், கோணல் இல்லை. நீ வண்டியைத் தொடாமல் ஒதுங்கியதில் உன் வருத்தம் ஆறியிருக்கலாம், டயர் ஆறவில்லை. இனி எதிலிருந்தாவது ஒதுங்க வேண்டும் என்று தோன்றினால், முதலில் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு ஒதுங்கு.

பிறகு எண்ணைத் தேடினேன். சித்தூரில் பெட்ரோல் பங்கில் காற்று பிடிப்பவர், "அன்னிடிக்கீ தர்ட்டி பைவ் சார்" என்றார். எல்லா வண்டிக்கும் முப்பத்தைந்து. நீ சக்கரம் வாங்கிய கடையில் முப்பது என்றார்கள். குண்டு குழியில் ரிம் அடிபடாமல் இருக்குமாம். அடிபட்டதே குறைந்த காற்றில்தான் என்று நான் சொன்னதற்கு, எல்லோருக்கும் அப்படித்தான் போடுகிறோம் என்றார்கள். உன் நண்பனின் இருபத்தாறு ஏற்கனவே தெரியும். பலமனேரிலிருந்து தக்காளி லாரி ஓட்டும் என் அக்கா மகன் வேலு, டயரின் பக்கவாட்டில் ஐம்பத்தொன்று என்று அச்சடித்திருப்பதைக் காட்டினான். "டயர்லயே எழுதிக்கிறான் மாமா. அத வுட இன்னா ஓணும்?" என்றான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், டயரின் அளவையும் ஆறிய டயரில் என்பதையும் குறிப்பிட்டு, இரண்டு மூன்று பேர் போனால் நான்கிலும் முப்பத்து மூன்று, ஐந்து பேரும் சாமானும் இருந்தால் பின்னால் முப்பத்தாறு என்கிறது. ஒரே வண்டிக்கு இருபத்தாறிலிருந்து ஐம்பத்தொன்று வரை.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. பலமனேர் மார்க்கெட்டில் தக்காளி விலையை எடுக்க நான் நிருபராகப் போன காலத்தில், விடியற்காலை ஏலத்தில் கேட்டவன் ஒரு விலை எழுதுவான், பதினொரு மணிக்குக் கேட்டவன் வேறு விலை எழுதுவான், மறுநாள் இருவரும் சண்டை போடுவார்கள். இருவரும் சரி. எந்த நேரத்து விலை, எந்த ரகம் என்பதை எழுதாமல் விட்டதுதான் தவறு. காற்றும் அப்படித்தான். ஒருவர் எண்ணைச் சொன்னால் நான் மூன்று கேள்வி கேட்டேன்: எந்த டயருக்கு, எத்தனை பேர் உட்கார்ந்தால், டயர் ஆறியிருக்கும்போதா ஓடி வந்த சூட்டிலா. பங்குக்காரருக்கு முதல் கேள்விக்கே பதில் இல்லை. வேலுவின் ஐம்பத்தொன்று அந்த டயர் தாங்கும் உச்சவரம்பு, அதற்கு மேல் போகாதே என்பதற்காக எழுதியது. அவ்வளவு வைத்தால் வண்டி நடு ரப்பரில் மட்டும் நின்று துள்ளும், பிரேக் பிடித்தால் வழுக்கும். ஸ்டிக்கர் மட்டும் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லியது. ஆனால் அது பேசுவது மாடியில் சாக்குக்குள் இருக்கும் பழைய டயரைப் பற்றி.

ஆகவே பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பழைய டயரில் 185/65 R15 88 என்று இருக்கிறது, புதியதில் 195/55 R16 87. இரண்டும் தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரே உயரம்தான், அதனால்தான் உன் வேகமானி சரியாகக் காட்டுகிறது. ஆனால் ரிம் பெரிதானதால், ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஒரு விரல் அகலம் குறைந்துவிட்டது. அந்த ஒரு விரல்தான் அன்று அம்மாவுக்கும் ஸ்பீடு பிரேக்கருக்கும் நடுவே இல்லாமல் போனது. கடைசியில் இருக்கும் 88, 87 என்பவை எடைக்கான குறிகள். எண்பத்தெட்டு என்றால் ஒரு டயர் ஐந்நூற்று அறுபது கிலோ வரை தாங்கும், எண்பத்தேழு என்றால் ஐந்நூற்று நாற்பத்தைந்து. பார்க்க அகலமாக, பலசாலி போல இருக்கும் உன் புது டயர் பழையதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தாங்குவது. அதே பாரத்தைச் சுமக்க வேண்டுமானால் அதற்குக் காற்று கொஞ்சம் கூடுதலாகத்தான் வேண்டும். ரப்பர் இல்லை, காற்றுதான் வண்டியைத் தாங்குகிறது.

எவ்வளவு கூடுதல் என்பதை நானாகச் சொல்ல முடியாது. டயர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் ஸ்டிக்கரில் இருப்பதையும் இரண்டு டயர்களின் எழுத்துகளையும் குறித்துக்கொண்டு, மறுநாள் திரும்ப அழைத்தார். ஸ்டிக்கர் சொல்லும் காற்றில் பழைய டயர் எவ்வளவு சுமக்குமோ, அதே சுமையைப் புது டயர் எந்தக் காற்றில் சுமக்கும் என்று அட்டவணையில் பார்க்க வேண்டும், அதுதான் முறை என்றார். இரண்டு மூன்று பேருக்கு நான்கிலும் முப்பத்து நான்கு. ஐந்து பேரும் சாமானும் என்றால் முன்னால் அதே முப்பத்து நான்கு, பின்னால் முப்பத்தேழு. ஸ்ராவணி அந்த அட்டவணையை இறக்கித் தனியாகக் கணக்குப் பார்த்தாள், அதே எண்கள் வந்தன. இரண்டு ஆதாரம் ஆகிவிட்டது. வேறு அளவில் டயர் போட்டவர்கள் இந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் அவள் மறுபடி வந்தபோது அந்த எண்ணைத் தெருவிலேயே சோதித்துப் பார்த்தோம். ஸ்ராவணி ஸ்கூலிலிருந்து சாக்பீஸ் கொண்டுவந்திருந்தாள். டயரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பட்டையாகக் கோடு போட்டு, வண்டியை நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி, எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பது. தரையைத் தொடும் இடம் அழியும், தொடாத இடம் நிற்கும். சக்கரக் கடை சொன்ன முப்பதில் இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் சாக்பீஸ் தங்கிவிட்டது. நாற்பது வைத்தபோது நடு மட்டும் அழிந்து ஓரங்கள் வெள்ளையாக நின்றன. அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு பார்த்தாள். சுசீலா வந்து, "இன்னா சார், மருமகளும் மாமனாரும் டயருக்குக் கோலம் போட்டுக்கினு இருக்கீங்க?" என்றாள். "அவங்களுக்கு இன்னிக்கு அதான் வேல. கற்பூரம் காட்டறப்ப கூப்பிடறேன், வா" என்றாள் அம்மா. முப்பத்து நான்கு வைத்து ஓட்டியபோது கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சீராக அழிந்திருந்தது. அம்மாவுக்குத் தெரியட்டும் என்று வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்திக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். எழுந்து உள்ளே போகவில்லை.

இன்னும் ஒரு விஷயம் உனக்குக் கட்டாயம் தெரிய வேண்டும், ஏனென்றால் மலையிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் செய்வது அது. போன வாரம் ஸ்ராவணி திருப்பதியிலிருந்து வெயிலில் வந்து இறங்கியவுடன் மானியை வைத்தாள், முப்பத்தெட்டு காட்டியது. "மாமய்யா, எக்குவ ஆயிந்தி, தீசேயாலா?" என்றாள். அதிகமாகிவிட்டது, எடுத்துவிடட்டுமா என்கிறாள். எடுக்காதே என்றேன். ஓடிய டயர் சூடாகும், சூட்டில் காற்று விரியும், அந்தக் கூடுதல் தானாக வந்தது, தானாகப் போகும். இரவு முழுக்க நின்ற வண்டியில் மறுநாள் காலை அளந்தபோது பழையபடி முப்பத்து நான்கு. வளைவு வளைவாகப் பிரேக் பிடித்து அலிபிரிக்கு இறங்கியவுடன் மானியை வைத்துப் பார்த்துவிட்டு, ஐயோ என்று காற்றை இறக்குகிறவர்கள், மறுநாள் காலை தெரியாமலேயே குறைந்த காற்றில் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். காலையில், ஆறிய டயரில் அளப்பதுதான் அளவு. அதுவும் ஒரே மானியில். பங்கில் இருக்கும் மானி ஸ்ராவணியுடையதைவிட இரண்டு கூடுதலாகக் காட்டுகிறது.

காற்றைக் குறைத்ததற்காக உன்மீது எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு வலிக்கக்கூடாது என்றுதான் குறைத்தாய். உனக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது, அதனால் சொல்கிறேன்: வீட்டில் ஒருவருக்கு நோகக்கூடாது என்று எதையாவது குறைத்துக்கொண்டே போகத் தோன்றும். சொல்ல வேண்டியதைப் பாதி சொல்வோம், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவோம். முதலில் பஞ்சு மேல் போகிற மாதிரிதான் இருக்கும். அதே வண்டியில் போய்வரும் ஸ்ராவணியிடம் வண்டி சர்வீஸில் இருக்கிறது என்று சொல்ல முடியாமல், எங்களிடம் மட்டும் சொன்னாயே, அது அந்த மாதிரிக் குறைத்த காற்று. அவள் மறுநாளே என்னிடம் நிஜத்தைச் சொல்லிவிட்டாள்.

நம் வீட்டுக்கு இது புதிய பாடமும் இல்லை. நீ ஒண்ணாவது ரெண்டாவது படிக்கும்போது நமக்கு ஒரு பழைய ஸ்கூட்டர். நகரியில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். நீ முன்னால் நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வாய். அம்மா பின்னால், மடியில் பை, பைக்குள் பெரியம்மாவுக்கு முறுக்கு. கிளம்பும்போது உன் அம்மா ஏறுவதற்கு முன் எப்போதும் ஒரே கேள்வி கேட்பாள்: "பின்னால காத்து பாத்தீங்களா?" நான் சிரிப்பேன். நான் மட்டும் ஆபீசுக்குப் போகும்போது ஒரு காற்று, அவளும் பையும் ஏறினால் பின்சக்கரத்துக்குக் கூடுதலாக நாலு. சைக்கிள் கடைக்காரருக்கு அது மனப்பாடம், "அம்மா வராங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் பிடிப்பார். நகரியில் இறங்கினதும் உன் பெரியப்பா, தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து, "இன்னா, துன்னுட்டு வந்தீங்களா, துன்னாம வந்தீங்களா?" என்பார். நீ துன்னல என்பாய், எப்போதும், சாப்பிட்டிருந்தாலும். அந்த ஸ்கூட்டரில் நாம் ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை.

இப்போது உன் அம்மா சொன்னதற்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பஸ்ஸுக்குப் போன பிறகு, அவளிடம் நேராகவே கேட்டேன், அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொன்னாயே, அது நிஜமா என்று. என் பக்கம் திரும்பினாள்.

"வலிக்கறப்ப ஏற மாட்டேன்னு சொல்லாம, பாட்டா பாடுவாங்க? புள்ள உள்ள கேட்டுக்கினு நின்னான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் அதனால்தான் பஸ்ஸில் வருகிறான், சக்கரத்தையும் விற்கப் போகிறான் என்றேன். அது அவளுக்குத் தெரியாது. முதலில் நீ சொன்ன சர்வீஸ் கதையை நம்பியிருந்தாள், பிறகு வண்டியை ஸ்ராவணிக்கு விட்டுவிட்டு வருகிறாய் என்று நினைத்திருந்தாள். புடவை முந்தானையை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அவ்ளோ ஆசையா வாங்கின சக்கரத்த என்னால விப்பானா அவன்? வண்டி எடுத்துக்கினு வரச் சொல்லுங்க. பின்னால காத்து பாத்துட்டானான்னு கேளுங்க."

அவள் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். ஏறுகிறேன் என்பதற்கு நம் வீட்டில் அவளுக்கு வேறு வாக்கியம் இருந்ததில்லை. பழைய சக்கரங்களை நான் துடைக்கவில்லை. உனக்குப் பழையதுதான் பிடிக்கிறது என்றால் வந்து எடுத்துக்கொள், அவற்றுக்கு ஸ்டிக்கரில் இருக்கும் முப்பத்து மூன்றே சரி. ஆனால் அம்மாவைக் காரணம் சொல்லாதே. அந்தக் காரணம் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது.

இன்னும் தெரியாதவை இரண்டு. வரும் வியாழக்கிழமை காலை அம்மாவைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அவளைக் கூட்டிப்போக சித்தூருக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறாயா என்பது ஒன்று. அதற்கு நீதான் ஆதாரம், புதன்கிழமை ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள் அம்மாவுக்கே போன் செய்து சொல், எனக்கு வேண்டாம். காரில் மலைக்குப் போகலாமா என்பது மற்றொன்று. அதை வியாழக்கிழமை மதியத்துக்குள் டாக்டர் சொல்லிவிடுவார். சனிக்கிழமைக்கு ஸ்ராவணி முன்பே தரிசன டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள், அவள் அம்மாவையும் சேர்த்து ஐந்து பேருக்கு. டாக்டர் வேண்டாம் என்றால் பின்சக்கரம் முப்பத்து நான்கிலேயே இருக்கட்டும். போகலாம் என்றால், சனிக்கிழமை காலை, டயர் ஆறியிருக்கும்போது, நீ உன் கையால் முப்பத்தேழு வை.